மாத்தூரில் சும்மா கிடக்கும் இரண்டு கிரவுண்டு: என்ன போடலாம்?

வடசென்னை மாத்தூரில் அப்பா வாங்கிப் போட்ட இரண்டு கிரவுண்டு மனை (பதினோரு சென்ட்) சும்மா கிடக்கிறது, வீடு கட்ட இன்னும் நான்கைந்து வருடம் ஆகும், விவசாயம் தெரியாது, அதுவரை லாபமாக என்ன பயிர் போடலாம் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒருவர் டிராகன் பழம் என்றாராம், இன்னொருவர் சந்தனம் என்றாராம், மூன்றாவது ஆள் காளானில்தான் காசு என்றாராம். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "போர்வெல் இருக்கிறது அண்ணா, தண்ணீர் மட்டும் கொஞ்சம் உப்புக் கரிக்கும்."

தம்பி, நீங்கள் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் அந்த மூன்று யோசனைகளை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

டிராகன் பழத்துக்கு வரிசையாக சிமென்ட் தூண் நட வேண்டும். காய்ப்பு ஒழுங்காகப் பிடிக்கவே மூன்று வருடம் ஆகிவிடும். தூணுக்குப் போட்ட காசு திரும்பி வருகிற நேரத்தில் நீங்கள் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். சந்தனம் வைரம் பாய பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். அது தனியாகவும் வளராது, பக்கத்தில் இருக்கும் செடியின் வேரிலிருந்து உறிஞ்சித்தான் பிழைக்கும். வீட்டு மனைக்கு அது சரிப்படாது. காளான் நல்ல தொழில்தான், ஆனால் அது நிலத்துப் பயிர் இல்லை. அதற்கு வேண்டியது குடில், ஈரப்பதம், சுத்தம். சென்னை வெயிலுக்குப் பால் காளான் ஒத்துவரும், சிப்பிக் காளான் கோடையில் திணறும். பறித்து ஒன்றிரண்டு நாளில் விற்றாக வேண்டும். பயிற்சி எடுத்துக்கொண்டு பிறகு செய்யலாம். மண்ணில் என்ன போடலாம் என்ற உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். நான் வடபெரும்பாக்கத்தில் இருபது சென்ட் குத்தகைக்கு எடுத்து ஒன்பது வருடம் கீரையும் காயும் போட்டவன். அந்த இடம் குடோன் ஆகிவிட்டது, இப்போது புழல் பக்கம் இருக்கிறேன். முதல் வருடம் எனக்கு விழுந்த அடி தண்ணீரால்தான். முள்ளங்கியும் வெங்காயமும் போட்டேன். இலை நுனியெல்லாம் கருகியது, நோய் என்று நினைத்து மருந்து மருந்தாக அடித்தேன். கடைசியில் ஒரு பெரியவர் வந்து போர்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "இதுல முள்ளங்கி எப்பிடிய்யா வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாலாயிரம் ரூபாய் மருந்து வாங்கிய பிறகு கிடைத்த பாடம்.

வடசென்னையில் இது பெரிய விஷயம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதை 1960களின் கடைசியிலிருந்தே பதிவு செய்து வருகிறார்கள். மாத்தூரில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும்கூடத் தண்ணீர் மாறும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வரும் பையனிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஒரு டம்ளர் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். 500க்குள் இருந்தால் எதுவும் போடலாம். 500க்கு மேல் 2,000 வரை என்றால் பயிரைத் தேர்ந்து போட வேண்டும். 2,000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பி ஒரு ரூபாயும் போடாதீர்கள். வெயில் காலத்தில் எண் இன்னும் ஏறும், ஆகவே இப்போது ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு சென்ட் பாத்திக்குக் கோடையில் நாளைக்குச் சுமார் 200 லிட்டர் வேண்டும். எட்டு சென்ட்டில் பயிர் இருந்தால் 1,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒரு வாரத்துக்கு வரும். கீரை விற்று லாரிக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது கீரைக்காம்புதான்.

அப்புறம் மண். மணலி, மாத்தூர் பக்கத்து மனைகளில் பாதிக்கு மேல் மேடேற்றியவை. எதைக் கொட்டி ஏற்றினார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். ஏரி மண்ணா, கட்டட இடிபாடா, சாம்பலா? ஒரு மூலையில் இரண்டடி தோண்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இடிபாட்டில் சுண்ணாம்பு இருக்கும், காரத்தன்மை ஏறி இலை வெளிறும். அதுகூடப் பரவாயில்லை, தொழு உரம் போட்டுப் போட்டுச் சரிக்கட்டலாம். பயப்பட வேண்டியது வேறு. சுற்றிலும் தொழிற்சாலை, கனரக லாரி ஓடும் சாலை, கொஞ்ச தூரத்தில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை போனதை எல்லோரும் பார்த்தோம். அந்த வெள்ளம் உங்கள் மனையில் நின்றதா? சுவரில் கறுப்புக் கோடு இருக்கிறதா?

ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் மண்ணில் இருந்தால் கீரையிலும் கிழங்கிலும் அதிகம் ஏறும். வெண்டை, கத்தரி போன்ற காய்களில் குறைவு. வேளாண் துறை மண் பரிசோதனையில் உப்பு, காரம், சத்து தெரியும். உலோகத்தைத் தனியாகக் கேட்டு, அதற்கு வசதியுள்ள ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும், செலவும் கூடும். ஒருமுறை செய்துவிடுங்கள். நீங்கள் விற்கப்போவது உங்கள் தெருப் பிள்ளைகள் தின்னும் கீரை. மண் மாதிரி எடுக்கும்போது மனையில் எட்டுப் பத்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, அரையடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரை கிலோ எடுத்துப் போனால் போதும். சாக்கடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு வளர்க்கிறவர்கள் சிலர் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். செழிப்பாகத்தான் வரும். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

மண் மோசம் என்று வந்தால் மனையை விட்டுவிட வேண்டியதில்லை, பூவுக்குப் போங்கள். துலுக்கச் சாமந்தி நட்டு ஐம்பது அறுபது நாளில் பூக்கும். வடசென்னையில் ஆடி மாதம் என்றால் எத்தனை அம்மன் கோயில், எத்தனை கூழ் ஊற்றல் என்று உங்களுக்கே தெரியும். வைகாசியில் நாற்று நட்டால் ஆடிக்குப் பூ கையில் இருக்கும். ஆவணி தொடக்கத்தில் இன்னொரு நடவு வைத்தால் ஆயுத பூஜைக்கு ஆகும். யாரும் அதைத் தின்னப்போவதில்லை என்பதே அதன் சிறப்பு. மல்லிகையைச் சிலர் சொல்வார்கள், ஆனால் விடிவதற்குள் மொட்டுப் பறிக்க ஆள் வேண்டும், முதல் வருடம் வரும்படியும் குறைவு.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், எந்தப் பயிர்? தக்காளி, வெங்காயம், உருளை எல்லாம் வெளியூரிலிருந்து லாரி லாரியாகக் கோயம்பேட்டில் இறங்குபவை. பல ஏக்கர் வைத்திருப்பவரோடு பதினோரு சென்ட்டை வைத்துக்கொண்டு விலையில் போட்டி போட முடியாது. அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, வாங்குபவருக்குப் பக்கத்தில் இருப்பது. இரவில் அறுத்துக் கட்டி, வண்டியேறி, கோயம்பேட்டில் இறங்கி, மறுபடி ஏறி, காலை ஒன்பது மணிக்கு மாத்தூர் வரும் கீரை பாதி வாடியிருக்கும். நீங்கள் ஐந்தரை மணிக்கு அறுத்து ஆறரைக்குத் தெருமுனையில் வைக்கலாம். பயணத்தில் கெட்டுப்போகிற பொருள் எதுவோ அதுதான் உங்கள் பயிர். கீரைகளை விட்டால் எனக்கு வேறு தெரியவில்லை.

அதிலும் முளைக்கீரையில் தொடங்குங்கள். 21லிருந்து 25 நாளில் வேரோடு பிடுங்கிக் கட்டலாம். தப்புச் செய்தால் மூன்று வாரத்தில் தெரிந்துவிடும், அடுத்த பாத்தியில் திருத்திக்கொள்ளலாம். கத்தரியில் செய்த தப்பு தெரிவதற்கே மூன்று மாதம் ஆகும். சென்ட்டுக்குப் பத்து கிராம் விதை போதும், மணலோடு கலந்து தூவுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் ஐந்து மடங்கு தூவி, செடி நெரிசலில் நூல் மாதிரி வளர்ந்து நிற்பதைப் பார்த்து விழிப்பார்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும், பாத்தி ஓரத்தில் கொஞ்சம் ரவை தூவிவிட்டால் அதைப் பொறுக்கப் போய்விடும். முதல் வாரம் பூவாளியால் மட்டும்தான் தண்ணீர். ஹோஸ் பைப்பைப் பிடித்தால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும்.

கை பழகியதும் அரைக்கீரை. ஒருமுறை விதைத்துவிட்டு மூன்று நான்கு மாதம் அறுத்துக்கொண்டே இருக்கலாம். வேலை குறைவு, ஆனால் ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் உரம் வைக்காவிட்டால் இலை சிறுத்துவிடும்.

மூன்றாவது புளிச்சகீரை. இதை நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ரகசியம் என்றுகூடச் சொல்லலாம். வடசென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எவ்வளவு என்று பாருங்கள், அவர்களுக்குக் கோங்குரா இல்லாமல் வாரம் போகாது. வியாசர்பாடி பக்கம் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களும் இந்தக் கீரையைத் தேடி வாங்குவார்கள், பர்மா சமையலில் அதற்குத் தனி இடம். வெயிலைத் தாங்கும், பூச்சி குறைவு. கோடையில் மற்ற கீரை வாடும்போது இது நிற்கும். தென்சென்னையில் போட்டிருந்தால் இவ்வளவு விற்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

புதினா? பிரியாணிக் கடை தெருவுக்கு மூன்று இருக்கிறதே, நன்றாகப் போகுமே என்று நானும் நினைத்தேன். கடைக்காரர்கள் மொத்தமாக, மலிவாக வாங்குகிறார்கள், உங்கள் விலைக்கு வரமாட்டார்கள். உப்புத் தண்ணீரும் புதினாவுக்கு ஆகாது. வீட்டுக்கு ஒரு தொட்டியில் போதும். கொத்தமல்லியும் அப்படித்தான், சித்திரை வெயிலில் இலை வருவதற்குள் பூவுக்குப் போய்விடும்.

உங்கள் தண்ணீர் 1,000, 1,500 என்று வந்தால் வரிசை கொஞ்சம் மாறும். பாலக்கீரை பீட்ரூட்டுக்குச் சொந்தம், உப்பைத் தாங்கும். பருப்புக்கீரையும் தாங்கும், அது வேண்டாம் என்றாலும் தானே முளைக்கும். காயில் கொத்தவரை நல்ல தாங்குசக்தி உள்ளது, ஐம்பது நாளில் பறிக்கத் தொடங்கலாம். முளைக்கீரையும் வெண்டையும் நடுத்தரம். பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம், கேரட் பக்கமே போகாதீர்கள்.

முருங்கையைச் சொல்லவில்லையே என்று கேட்பார்கள். வேலியோரம் இரண்டு வையுங்கள், இலைக்கு. மனை முழுக்க வேண்டாம். தண்ணீர் நின்றால் வேர் அழுகும், புயலுக்கு முதலில் முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறினால் சண்டை வேறு. வாழையைப் பற்றியும் இதையே சொல்வேன். அந்தப் பக்கத்துக் காற்றுக்கு இலை முழுதாக நிற்பதே அபூர்வம்.

மழை பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னைக்கு வருடத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். புழல் ஏரியில் உபரி நீரைத் திறந்தால் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று எச்சரிக்கை வாசிப்பார்கள், அந்தப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். 2015 டிசம்பரில் என் இருபது சென்ட்டும் நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அதிலிருந்து என் கணக்கில் வருடத்துக்கு ஒன்பது மாதம்தான். தை தொடங்கிப் புரட்டாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் கையிருப்பை மண்ணில் போடுவதில்லை. ஒரே ஒரு விலக்கு, ஒன்றரை அடி உயர்த்திய இரண்டு பாத்தி, மேலே நிழல்வலை. அடைமழையில் எல்லோருடைய கீரையும் அழுகும்போது கட்டு விலை இரட்டிப்பாகும், அந்த இரண்டு பாத்தி அப்போது பேசும். மழை விட்டதும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வரும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி காசு. இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி, அதாவது பதினோரு சென்ட். வரப்பு, நடைபாதை, போர், உரக்குழி போக எட்டு சென்ட் பயிருக்கு வரும். முதலில் இரண்டு சென்ட் மட்டும் எடுங்கள். அதை நான்கு பாத்தியாகப் பிரித்து வாரம் ஒன்றாக விதையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் நூற்றறுபது கட்டுக்கு மேல் வரும், யாரிடம் விற்பீர்கள்? அரை சென்ட் பாத்தியில் முளைக்கீரை நன்றாக வந்தால் இருபது கிலோ. முதல் வருடத்தில் பத்துப் பன்னிரண்டு எடுத்தால் நீங்கள் கெட்டிக்காரர். கால் கிலோ கட்டாகக் கட்டினால் நாற்பது, நாற்பத்தைந்து கட்டு. எங்கள் தெருவில் இப்போது கட்டு இருபது ரூபாய், கீரை விற்கும் அம்மாவிடம் கொடுத்தால் பதினைந்துக்கு எடுப்பார். வாரம் அறுநூறு, மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. எட்டு சென்ட்டும் ஓடினால் மாதம் பத்தாயிரம், அதுவும் செலவைக் கழிக்காமல். ஆள் வைத்தீர்கள் என்றால் இந்தக் காசு அப்படியே கூலிக்குப் போய்விடும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நீங்களோ வீட்டில் ஒருவரோ நின்றால்தான் இதில் லாபம் என்ற சொல்லுக்கு இடம். ஷிப்ட் வேலையில் இருக்கிறீர்கள் என்றால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குங்கள்.

முதலீட்டில் பெரிய செலவு விதையோ உரமோ இல்லை, வேலி. எண்பதுக்கு அறுபது மனைக்குச் சுற்றளவு 280 அடி. நம் பக்கத்தில் அவிழ்த்துவிட்ட மாடு எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை, ஒரே ராத்திரியில் இருபது நாள் கீரையைத் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். வீடு கட்டும்போது கழற்றி விற்கிற மாதிரி கம்பி வலையாகப் போடுங்கள், சுவர் எழுப்பாதீர்கள். அதே மாட்டுக்காரரிடம்தான் சாணியும் கிடைக்கும், மாதவரம் பக்கம் இன்னும் நிறையப் பேர் மாடு வைத்திருக்கிறார்கள். பச்சைச் சாணியை நேராகப் பாத்தியில் போடாதீர்கள், இரண்டு மூன்று மாதம் மக்கட்டும்.

மீதி ஆறு சென்ட்டைச் சும்மா விடாதீர்கள், தக்கைப்பூண்டு தூவுங்கள். சென்ட்டுக்கு 200 கிராம் விதை. உப்பையும் தாங்கும், தேங்கும் தண்ணீரையும் தாங்கும். நாற்பத்தைந்தாம் நாள் பூ வைக்கும்போது மடக்கி உழுதால் மண்ணுக்கு அதுவே உரம். நெருக்கமாக வளர்ந்தால் கோரை வெயில் இல்லாமல் அடங்கும். கோரையைக் களைக்கொல்லி அடித்துத் தீர்த்துவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். கிழங்கு உள்ளே இருக்கிறது, மறுபடி வரும்.

விதை வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாவிடம் போய், தினமும் எத்தனை கட்டு போகிறது, எந்தக் கீரை முதலில் தீர்கிறது, எது மிஞ்சுகிறது என்று கேளுங்கள். அவரோடு போட்டிக்குப் போகாமல் அவருக்கே கொடுப்பது உங்களுக்கு நல்லது. கடன் சொல்லும் ஓட்டல்களைவிட அவர் கையிலிருந்து காசு உடனே வரும். அதைக் கேட்டுக்கொண்டு, டி.டி.எஸ். எண்ணையும், மனையை எதைக் கொட்டி மேடேற்றினார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பாத்தியில் எதை முதலில் விதைப்பது என்று அதற்குப் பிறகு பேசுவோம்.